பாலத்துக்கு அப்பால்: ‘எண்ணூறு’ திரைப்படமும் ஷாங்காயின் போர் வரலாறும்

குவான் ஹு இயக்கி 2020இல் வெளிவந்த ‘எண்ணூறு’ என்னும் சீனத் திரைப்படம், 1937 அக்டோபர் இறுதியில் ஷாங்காய் நகரின் சிஹாங் பண்டகசாலையில் நிகழ்ந்த எதிர்ப்புப் போரைக் கருவாகக் கொண்டது. ஷாபெய் பகுதியிலிருந்து சீனப் படைகள் பின்வாங்கியபோது, ஷியே ஜின்யுவான் தலைமையில் 88ஆம் படைப்பிரிவின் ஒரு பட்டாலியன் மட்டும் அங்கு நிறுத்தப்பட்டது. படத்தின் தலைப்பே ஒரு போர்த்தந்திரத்தின் எச்சம். உள்ளே இருந்தோர் நானூற்றுச் சொச்சம் பேர். பகைவரை மயக்கவே எண்ணூறு என அறிவிக்கப்பட்டது.

சூசோ ஓடையின் வடகரையில் போர். தென்கரையில் அயலார் ஆட்சியிலிருந்த பன்னாட்டுக் குடியிருப்பு. இருளும் ஒளியுமாக இவ்விரு கரைகளையும் எதிரெதிர் நிறுத்துவதே படத்தின் காட்சிமொழி. இது வெறும் அலங்காரமன்று. நவம்பர் 3 அன்று பிரசல்ஸில் தொடங்கவிருந்த ஒன்பது வல்லரசுகள் மாநாட்டின் கவனத்தை ஈர்ப்பதும் அம்முற்றுகையின் நோக்கங்களுள் ஒன்று. பார்க்கப்படுவதற்காகவே நடந்த போர் அது. படத்தின் வலிமையான பகுதிகள் யாவும் இவ்வுணர்விலிருந்தே பிறக்கின்றன.

ஆயின், தென்கரையை மீட்சியின் கரையாக்கியதில் படம் வரலாற்றைக் குறுக்கிவிடுகிறது. பாலத்தைக் கடக்கும் ஓட்டமே அதன் உச்சம். கடந்தவர்களின் படைக்கலங்களைக் குடியிருப்பு நிருவாகம் பறித்துக்கொண்டு அவர்களை முகாமில் அடைத்தது. கூரையில் கொடியேற்றும் காட்சியில் வீரர்கள் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்குப் பலியாவதைப் படம் நீள விரித்துக் காட்டுகிறது; கொடிக்காக உயிர் போன வேறொரு நாள் அதில் இடம்பெறவில்லை. 1938 ஆகஸ்ட் 11 அன்று முகாமுக்குள் கொடி தொடர்பாக எழுந்த மோதலில் சீன வீரர்களைக் கொன்றவர்கள் ஜப்பானியர் அல்லர், குடியிருப்பின் காவற்படையினர். ‘அடைக்கலம்’ என்ற சொல்லைப் படம் போல் எளிதாகக் கையாள இந்நிகழ்ச்சி இடந்தராது.

1941 ஏப்ரல் 24 அன்று ஷியே தம் வீரர்கள் சிலராலேயே குத்திக் கொல்லப்பட்டார். நான்கு நாள் முற்றுகையைக் காட்டிலும் மூன்றரையாண்டுச் சிறைவாசம் ஒரு படையை எவ்வாறு உள்ளிருந்து சிதைக்கும் என்பதே நாடகத்துக்குரிய கடினமான பொருள். படம் தொடாததும் அதுவே. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை குடியிருப்பையும் கைப்பற்றிற்று. எஞ்சிய வீரர்கள் போர்க்கைதிகளாயினர். கட்டாய உழைப்புக்காகப் பல இடங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்ட அவர்களுள் சிலர் நியூகினி வரை கொண்டுசெல்லப்பட்டனர்.