அறுந்த செருப்பும் புது நோட்டும்

வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘மேகே டாக்கா தாரா’ (1960) படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே நாயகி நீதாவின் செருப்பு வார் அறுந்துவிடுகிறது. நீதாவாக நடிக்கும் சுப்ரியா சௌத்ரி அந்த இடத்தில் செய்வது மிகக் கொஞ்சம். நிற்கிறார், குனிந்து பார்க்கிறார், காலை இழுத்தபடி நடக்கிறார். முகத்தில் எரிச்சல் இல்லை, பெருமூச்சும் இல்லை. புதுச் செருப்பு வாங்குவது அவள் கணக்கில் எப்போதுமே கடைசி வரியில்தான் வரும் என்பது அந்தச் சலிப்பற்ற பார்வையிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்துக் குடும்பங்கள் கல்கத்தாவின் தெற்கு ஓரங்களில் வந்து குவிந்தன. ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கமெல்லாம் அகதிக் காலனிகள் எழுந்தன. முற்றம் தாண்டியிராத பெண்கள் டியூஷனுக்கும் ஆபீசுக்கும் கிளம்பினார்கள். நீதாவும் அப்படி ஒரு காலனிக்காரிதான். அவள் கைக்குப் பணம் வந்த நாளில் வீடே அவளைச் சுற்றிக்கொள்கிறது. தங்கைக்குப் புடவை வேண்டும், தம்பிக்குக் கால்பந்து ஆட பூட்ஸ் வேண்டும். ஓடி ஆடுகிற காலுக்குப் பூட்ஸ் வருகிறது, உழைத்து நடக்கிற காலுக்கு எதுவும் இல்லை. கட்டக் இதை எங்கேயும் சுட்டிக்காட்டுவதில்லை. இரண்டையும் ஒரே படத்தில் வைத்துவிட்டு, சேர்த்துப் பார்க்கும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

அவர் ஒலியைக் கையாளும் விதம் இன்னும் நுட்பமானது. நீதாவும் அவள் காதலன் சனத்தும் பேசிக்கொண்டிருக்கும்போது அடுக்களையில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அடுப்பில் கொதிக்கும் சத்தம் மெல்ல மெல்ல உயர்கிறது. மகள் கல்யாணமாகிப் போய்விட்டால் உலை எப்படிக் கொதிக்கும் என்ற அம்மாவின் பயம் அந்தச் சத்தத்துக்குள் இருக்கிறது. கீதா டே அந்தத் தாயை வில்லியாக நடிக்கவில்லை. பசி கண்ட ஒரு பெண்ணின் கண்கள்தான் அவருக்கு. பிறகு சனத்தின் அறையில் இன்னொரு பெண் இருப்பதை உணர்ந்து நீதா மாடிப்படி இறங்குகிறாள். அப்போது சாட்டை வீச்சின் ஒலி கேட்கிறது. சாட்டையும் இல்லை, அடிப்பவரும் இல்லை. அடி மட்டும் விழுகிறது. வயலின் அழ வேண்டிய இடத்தில் சாட்டையை வைத்ததால் அந்தத் துயரம் இரக்கத்தைக் கேட்கவில்லை, நீதியைக் கேட்கிறது.

வெகுஜனப் படங்களின் ராணியான சுசித்ரா சென்னும் இதே வழக்கைத் தம் முறையில் வாதாடினார். அசித் சென் இயக்கிய ‘தீப் ஜ்வேலே ஜாய்’ (1959) படத்தில் அவர் மனநல மருத்துவமனை நர்ஸ் ராதா. நோயாளியைக் காதலிப்பதுபோல் நடித்துக் குணப்படுத்துவது அவள் வேலை. நோயாளி குணமாகிப் போகிறான். நடிப்பாக முடியாமல்போன அன்பைச் சுமந்தபடி ராதா அதே மருத்துவமனையில் நோயாளியாகிறாள். சுசித்ராவின் அழகுக்காகவே பாதி நிழல், பாதி ஒளி என்று அமைக்கும் அண்மைக் காட்சிகள் இங்கே வேறு பயன் பெறுகின்றன. ஒளி விழுந்த பாதியில் நர்ஸ் இருக்கிறாள், இருண்ட பாதியில் அந்தப் பெண் இருக்கிறாள்.

சத்யஜித் ரேயின் ‘மகாநகர்’ (1963) மட்டும் கதவை வேறு பக்கமாகத் திறக்கிறது. நரேந்திரநாத் மித்ராவின் சிறுகதையிலிருந்து பிறந்த படம் அது. வீடு வீடாகப் போய்ப் பின்னல் இயந்திரம் விற்கும் ஆரதியாக மாதவி முகர்ஜி வருகிறார். முதல் சம்பளம் வாங்கிய ஆரதி கழிவறைக் கண்ணாடி முன் நின்று, புது நோட்டுகளை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். அந்த முகத்தில் பேராசையின் சாயல் துளியும் கிடையாது. தன்னையே புதிதாகச் சந்திக்கும் ஒருத்தியின் கூச்சம் இருக்கிறது, அந்தக் கூச்சத்துக்கு அடியில் பெருமிதம் இருக்கிறது. மாதவி இரண்டையும் ஒரே மூச்சில் காட்டுகிறார்.

உடன் வேலை செய்யும் ஆங்கிலோ இந்தியப் பெண் ஈடித் அவளுக்கு லிப்ஸ்டிக் தருகிறாள். கணவன் சுப்ரதா அதைக் கண்டுபிடித்ததும் ஆரதி ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறாள். போருக்குப் பிந்தைய கொரியாவில் பெரும் வெற்றி பெற்ற ‘மேடம் ஃப்ரீடம்’ (1956) படத்திலும் ஒரு பேராசிரியரின் மனைவி வெளிநாட்டுப் பொருள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். அவள் வழி தவறி, மன்னிப்பு வேண்டி வீட்டு வாசலுக்கே திரும்புகிறாள். ரே தன் நாயகியை அந்த வாசலில் நிறுத்தவில்லை. லிப்ஸ்டிக்கைத் துறந்த ஆரதி, அதைத் தந்த தோழி அநியாயமாக வேலையிழக்கும்போது முதலாளியின் முகத்துக்கு நேரே ராஜினாமாவை நீட்டுகிறாள். அவளுடைய ஒழுக்கத்துக்கு உதடு அளவுகோல் இல்லை, முதுகெலும்புதான் அளவுகோல் என்று படம் தீர்ப்புச் சொல்கிறது. பெர்லின் விழா 1964இல் ரேக்குச் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக்கரடியை அளித்தது இந்தப் படத்துக்குத்தான்.

நமக்கும் இந்தப் பெண்கள் அந்நியர்கள் அல்லர். கே. பாலசந்தரின் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் (1974) சுஜாதா சுமந்த குடும்பமும் நீதாவின் குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். அந்தத் தமிழ்ப் படம் 1977இல் ‘கபிதா’ என்ற பெயரில் வங்காளத்துக்கே போனது. மாலா சின்ஹா நடித்தார், கமல்ஹாசனும் அதில் இருந்தார்.

குடும்பத்தைத் தாங்கும் பெண்ணைத் தியாகி என்று புகழ்வது எளிது. புகழ்ந்துவிட்டால் அவளுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. இந்தப் படங்கள் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. அவளுக்கு என்ன தேவை என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் வீட்டாரோடு உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள். முடிந்ததும், உங்கள் வீட்டில் சம்பாதிக்கும் பெண்ணிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள், பதிலை முழுவதும் காதுகொடுத்துக் கேளுங்கள்.