பேச்சு முந்திக்கொண்ட கச்சேரி

நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழு 1962 ஏப்ரல் 6 அன்று கார்னகி ஹாலில் பிராம்ஸின் முதல் பியானோ கன்சர்ட்டோவை வாசித்தது. விருந்தினராக வந்தவர் கனடாவின் கிளென் கூல்ட், வயது 29. நடத்துனர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். முதல் சுரம் ஒலிக்கும் முன் பெர்ன்ஸ்டைன் சபையைப் பார்த்துப் பேசினார். இப்போது கேட்கப்போகும் வாசிப்பு வழக்கத்துக்கு மாறானது, அதன் காலப்பிரமாணத்தோடு தமக்கு முழு உடன்பாடில்லை என்றார். கன்சர்ட்டோவில் யார் தலைவர், பியானோக்காரரா நடத்துனரா என்ற கேள்வியையும் எழுப்பினார். மேற்கத்திய இசையுலகம் இன்றுவரை வாசிப்பைவிட அந்தப் பேச்சைத்தான் அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. கூல்ட் கன்சர்ட்டோவைப் பாகாக இழுத்தார், அதனால் கச்சேரி கெட்டது என்பது நிலைத்துவிட்ட தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தவறு. அன்றைய வாசிப்பில் குறை உண்டு. ஆனால் அது எல்லோரும் சுட்டிக்காட்டும் இடத்தில் இல்லை.

முதலில் நேரக் கணக்கு. அன்றைய வாசிப்பு ஏறத்தாழ 53 நிமிடம் ஓடியது. மற்றவர்கள் கையில் இந்தக் கன்சர்ட்டோ பெரும்பாலும் 45 முதல் 50 நிமிடத்தில் முடியும். வேறுபாடு இருக்கிறது, ஆனால் ஊர் கூடிப் பேசும் அளவுக்கு இல்லை. 1980களில் இதே பெர்ன்ஸ்டைன், வியன்னா பில்ஹார்மானிக்கையும் பியானோக் கலைஞர் கிறிஸ்டியன் சிமர்மனையும் வைத்து இதே படைப்பைப் பதிவுசெய்தபோது அதுவும் கூல்டின் நேரத்தையே ஒட்டி வந்தது. அது கூல்டின் வாசிப்பைப் போல விபரீதமாகப் பேசப்படவில்லை. மொத்த நேரத்தை வைத்து வேகத்தை அளக்க முடியாது, சிமர்மன் இடத்துக்கு இடம் நெகிழ்ந்து கொடுத்தார், கூல்ட் இறுக்கமாக நின்றார் என்று மறுப்பு வரலாம். அந்த மறுப்பு நியாயமானது. அதுதான் பேச்சைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிறது. அன்று புதிதாக இருந்தது மெதுவல்ல. எடுத்த காலப்பிரமாணத்தை விடாமல் பிடித்த பிடிதான்.

அந்தப் பிடி எதற்காக என்பது படைப்பின் பிறப்பைப் பார்த்தால் விளங்கும். பிராம்ஸ் 1854-இல் இதை இரண்டு பியானோக்களுக்கான சொனாட்டாவாகத் தொடங்கினார். அவருக்கு வழிகாட்டியாக இருந்த ராபர்ட் ஷூமன் ரைன் நதியில் குதித்ததும் அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான். பிறகு அதையே சிம்பொனியாக மாற்றப் பார்த்தார், கடைசியில் கன்சர்ட்டோவாக்கினார். 1859 ஜனவரியில் ஹனோவரில் அரங்கேறியபோது பியானோவில் பிராம்ஸே அமர்ந்தார். சில நாள் கழித்து லைப்சிக் சபை சீறி விரட்டியது. பியானோக்காரரின் வித்தையைப் பார்க்க வந்தவர்களுக்கு இதில் கைதட்டிக் கொண்டாட இடம் குறைவு. இசைக்குழு 90 தாள அளவுகள் முழங்கி ஓய்ந்த பிறகுதான் பியானோ நுழைகிறது, அதுவும் அடங்கிய குரலில். சிம்பொனியாகப் பிறந்ததைச் சிம்பொனியாகவே வாசிக்க கூல்ட் முயன்றார். முதல் பகுதியின் முழக்கத்துக்கும் பிறகு பியானோ தனியாகப் பாடும் எஃப் மேஜர் இசைவரிக்கும் இடையே இருக்கும் முரணைப் பெரிதாக்காமல், இரண்டையும் ஒரே ஓட்டத்தில் வைப்பதே தம் நோக்கம் என்று அவர் விளக்கியும் இருக்கிறார்.

இங்கே ஒரு தடை வரும். அந்த இசைவரி தொடங்கும் இடத்தில் சற்று நிதானமாக என்று பிராம்ஸே எழுதியிருக்கிறார். ஒரே வேகத்தில் போவது அவர் சொன்னதை மீறுவதாகாதா? மீறல்தான், ஆனால் சிறியது. பெரும்பாலானோர் அந்தச் ‘சற்று’ என்பதைத் தாண்டி வேகத்தை வெகுவாக இறக்கிவிட்டு, பிறகு இழந்த நேரத்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். கூல்ட் தொடக்கத்திலேயே நிதானமாக நின்றதால் அங்கே இறக்க வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது. இன்னொரு சான்று அவருக்கு எதிரானது, அதையும் மறைக்கக்கூடாது. பிராம்ஸின் கையெழுத்துப் பிரதியில் முதல் பகுதிக்கு மெட்ரோனோம் எண் 58 இருக்கிறது. கூல்டின் வேகம் அதற்கு எட்டாத தூரத்தில். ஆனால் அச்சுக்குப் போனபோது அந்த எண் இடம்பெறவில்லை. அச்சில் எஞ்சியது ‘மயெஸ்டோசோ’ என்ற சொல் மட்டும். அது கம்பீரத்தைக் கேட்கிறது, வேகத்தைச் சொல்லவில்லை.

நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஹெரால்ட் ஷோன்பர்க் மறுநாள், நண்பருக்கு எழுதும் கடிதம் போன்ற நடையில், கூல்டுக்குக் கைத்திறன் போதாததால்தான் இப்படி மெதுவாக வாசித்தார் என்ற தொனியில் எழுதினார். இது ஏற்கத்தக்கதே அல்ல. 1955-இல் பாக்கின் கோல்ட்பர்க் மாறுபாடுகளை அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு குரலும் துலங்கப் பதிவுசெய்த விரல்கள் இவை. மெதுவாக வாசிப்பது எளிது என்ற எண்ணமே பிழை. வேகத்தில் ஒரு வாக்கியத்தை அதன் உந்தலே தாங்கிவிடும்; இங்கே ஒவ்வொரு சுரத்தையும் கலைஞர் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதிகச் சிரமம் குழுவுக்கே. தொடக்கத்தில் டிம்பனி உருட்டிக்கொண்டே இருக்க, கொம்புகள் மூச்சை நீட்டிக் காக்க வேண்டும். குழுவும் பியானோவும் ஆங்காங்கே விலகி நிற்பது பதிவில் கேட்கத்தான் செய்கிறது. ஒத்திகையில் இன்னும் கரைந்திருக்க வேண்டிய விஷயம் அது.

உண்மையான சறுக்கல் கடைசிப் பகுதியில். மிகையில்லாத விறுவிறுப்பு என்று பிராம்ஸ் கேட்டதில், மிகையில்லாததை மட்டும் கூல்ட் எடுத்துக்கொண்டார். நடுவே தந்தி வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபியூக் இந்த நிதானத்தில் அழகாகத் துலங்குகிறது. குரல்களைப் பிரித்துக் காட்டுவதில் அவருக்கு நிகர் அரிது. ஆனால் அந்தப் பகுதியின் உயிர் துள்ளலில் இருக்கிறது. முதல் பகுதியில் பாரம் சேர்த்த அதே நிதானம் இங்கே கால்களைக் கட்டிப்போடுகிறது.

பெர்ன்ஸ்டைன் தம் கருத்தை மறைக்காமல் சொன்னது நேர்மைதானே என்பார்கள். நேர்மைதான். உடன்பாடு இல்லையென்றால் துணை நடத்துனரிடம் கோலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம் என்பதையும் அவரே சொன்னார். ஒதுங்காததற்கு அவர் சொன்ன காரணங்கள் பெருந்தன்மையானவை: கூல்ட் தீவிரமாகச் சிந்திக்கும் கலைஞர், அவர் வாசிப்பில் சில இடங்கள் வியக்கவைக்கும் தெளிவோடு எழுகின்றன, நடத்துனர் மித்ரோபூலோஸ் சொல்லிவந்ததுபோல் இசையில் விளையாட்டுக்கான துணிவும் ஓர் அம்சம். ஆனால் சபையின் காதில் இவை தங்கவில்லை. குழுவின் தலைவரே மேடையில் நின்று தமக்கு உடன்பாடில்லை என்று சொன்ன பிறகு, கேட்பவர் இசையைக் கேட்பதை விட்டு மெதுவை எண்ணத் தொடங்குகிறார். இருபது ஆண்டு கழித்து வியன்னாவில் அப்படி ஒரு முன்னுரை இல்லை. அந்த மெதுவும் பெரிய பேச்சாகவில்லை. இதே பாராட்டுகளைக் கச்சேரி முடிந்தபின் சொல்லியிருந்தால் கூல்டின் முதல் பகுதிக்கு நியாயமான காதுகள் கிடைத்திருக்கும்.

வானொலியில் போன அந்தக் கச்சேரியை 1998-இல் சோனி வட்டாக வெளியிட்டது. பேச்சும் அதில் உண்டு. புதிதாகக் கேட்பவர்கள் பேச்சைத் தாண்டி நேராக முதல் பகுதியில் தொடங்கட்டும். மூன்று பகுதியும் முடிந்தபின் பெர்ன்ஸ்டைனைக் கேட்கலாம்.