அசல் எது, நகல் எது: சில திகில் படங்களும் அவற்றின் ரீமேக்குகளும்

ரீமேக் என்றால் எனக்கு ரொம்ப நாளாக ஓர் இளக்காரம் இருந்தது. ஒருத்தர் வைத்து இறக்கிய குழம்பை இன்னொருத்தர் சுடவைத்துப் பரிமாறுகிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியவை திகில் படங்கள். சில மாதங்களாக, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு நாள் அசல், மறுநாள் ரீமேக் என்று பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நோட்டிலிருந்து எனக்குப் பிடித்தவை மட்டும் இங்கே. படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகப்போவதில்லை.

முதலில் ஜான் கார்பெண்டரின் 'தி திங்' (1982). இதை 1951-இல் வந்த 'தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்ட்' படத்தின் ரீமேக் என்பார்கள். அது பாதி உண்மைதான். இரண்டுக்கும் மூலம், ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் வேறொரு பெயரில் 1938-இல் எழுதிய 'ஹூ கோஸ் தேர்?' என்ற குறுநாவல். அண்டார்டிகாவில் ஓர் ஆய்வு முகாம். பனிக்குள் உறைந்து கிடந்த வேற்றுக்கிரக உயிர் ஒன்று உருகி எழுகிறது. யாரை விழுங்குகிறதோ அவராகவே மாறிவிடும். குரல், பேச்சு, பழக்கம் எல்லாம் அச்சு அசல். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் மனிதன்தானா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

1951 படம் இந்த உருமாற்றத்தையே தூக்கிப் போட்டுவிட்டது. கதை வட துருவத்துக்குப் போயிற்று. வந்த ஜந்து, ரத்தம் குடிக்கும் ஓர் ஆறரை அடித் தாவர மனிதன். இயக்குநர் என்று கிறிஸ்டியன் நைபியின் பெயர் வரும். ஆனால் தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹாக்ஸ்தான் உண்மையில் இயக்கினார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பேச்சைக் கேட்டால் ஹாக்ஸ் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. ஒருவர் முடிக்கும் முன் அடுத்தவர் ஆரம்பிக்கிறார், கிண்டல் பண்ணிக்கொண்டே காபி குடிக்கிறார்கள், ஒரு கதவைத் தள்ளிப் பிடிக்க நாலு பேர் ஓடுகிறார்கள். ஆபத்து கதவுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருப்பவர்கள் நம்ம ஆட்கள். விஞ்ஞானி ஒருவர் மட்டும் ஜந்துவின் கட்சி. கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து மின்சாரத்தால் அதைப் பொசுக்கிவிடுகிறார்கள்.

கார்பெண்டர் என்ன செய்தார்? எங்கள் தொழிலில் சொல்வதானால், ஓடிக்கொண்டிருக்கிற பழைய நிரலைத் திறந்து ஒட்டுப்போடவில்லை. அதற்கும் முந்தைய ஸ்பெக்கை எடுத்துப் படித்துவிட்டு மறுபடி எழுதினார். கதை திரும்பவும் அண்டார்டிகாவுக்கு வந்தது, உருமாற்றமும் வந்தது, ரத்தப் பரிசோதனைக் காட்சியும் குறுநாவலிலிருந்து வந்தது. இதற்காகப் பழைய படத்தின் மேல் அவருக்கு மரியாதை இல்லை என்று நினைக்க வேண்டாம். 1978-இல் அவர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தில் பிள்ளைகள் டிவியில் பார்ப்பதே அந்த 1951 படத்தைத்தான்.

இந்த முறை பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. பழைய படத்தில் புகழ்பெற்ற காட்சி ஒன்று உண்டு. பனிக்கு அடியில் தெரியும் கலத்தின் ஓரத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் கைகளை நீட்டி நிற்கிறார்கள். பார்த்தால் அது வட்டம். கார்பெண்டர் அதே காட்சியை, நார்வேக்காரர்களின் முகாமில் கிடைத்த வீடியோ டேப்பில் ஓடவிடுகிறார். அந்த முகாமில் உயிரோடு ஒருத்தரும் இல்லை. அதாவது ஒற்றுமையாக நின்று ஜெயித்த அந்தப் பழைய படத்து ஆட்கள், இந்தப் படம் தொடங்கும்போதே செத்துப்போன பக்கத்து முகாம்! அசலுக்கு ஒரு ரீமேக் இதைவிடக் கொடூரமாக மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

என்னை அதிகம் பயமுறுத்திய காட்சியில் ரத்தமே கிடையாது. பிளேர் தனியாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார். குழுவில் ஒருவருக்காவது தொற்றியிருக்க 75 சதவீத வாய்ப்பு. அது மக்கள் வாழும் பகுதிக்குப் போய்விட்டால் 27,000 மணி நேரத்தில் உலகம் முழுக்க. மூன்று வருஷமும் ஒரு மாதமும். ஒரு மனுஷன் திரையைப் பார்த்துவிட்டு யாரிடமும் பேசாமல் மேஜை டிராயரைத் திறந்து துப்பாக்கியை எடுப்பதை, தினமும் திரையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் சும்மா பார்க்க முடியாது.

படம் வந்தது 1982 ஜூன் 25. இரண்டு வாரம் முன்னால்தான் 'ஈ.டி.' வந்து, வேற்றுக்கிரகவாசி என்றால் கட்டிப்பிடித்து அழ வேண்டியவர் என்று ஊரே முடிவு செய்திருந்தது. விமர்சகர்கள் கார்பெண்டரைப் பிய்த்து எறிந்தார்கள், படமும் ஓடவில்லை. எனக்கும் ஒரு குறை உண்டு. அந்தப் பன்னிரண்டு பேரும் ஆரம்பத்திலேயே ஒருத்தரை ஒருத்தர் சகிக்காமல் இருக்கிறார்கள். நட்பு இருந்தால்தானே அது முறியும்? அந்த நட்பு 1951 படத்தில்தான் இருக்கிறது. அதை முதல் நாளும் இதை மறுநாளும் பார்த்தால் குறை தெரியாது.

'இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸ்' பற்றிச் சுருக்கமாக. டான் சீகல் 1956-இல் எடுத்ததற்கு, ஸ்டூடியோ கட்டாயப்படுத்தி முன்னும் பின்னும் காட்சிகள் சேர்த்து, அதிகாரிகள் நம்பிவிட்டார்கள், இனி காப்பாற்றிவிடுவார்கள் என்று முடிக்க வைத்தது. பிலிப் காஃப்மன் 1978-இல் அந்த ஆறுதலைப் பிடுங்கி எறிந்தார். டொனால்ட் சதர்லேண்ட் விரலை நீட்டி வாய் பிளக்கும் கடைசி ஷாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய படத்து நாயகன் கெவின் மெக்கார்த்தி இதில் வயசாகிப்போய் கார் கண்ணாடியைத் தட்டிக் கத்துகிறார், 22 வருஷமாக ஓடிக்கொண்டே இருந்தவர் மாதிரி. சின்ன ஊரை விட்டுக் கதை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்ததுதான் பெரிய மாற்றம். சின்ன ஊரில் மாமா மாமாவாக இல்லை என்றால் உடனே தெரிந்துவிடும். எங்கள் அபார்ட்மெண்ட் லிஃப்டில் தினமும் பார்க்கிற முகங்களில் பாதி மாறிப்போனாலும் எனக்குத் தெரியாது.

எல்லா ரீமேக்குக்கும் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். 'ரிங்' விஷயத்தில் நான் ஜப்பான் கட்சி. ஹிடியோ நகாட்டாவின் 1998 படம் விளக்கம் சொல்லாமல் விட்ட இடங்களை எல்லாம் 2002 ஹாலிவுட் படம் தேடிப் போய் அடைக்கிறது. குதிரைப் பண்ணை, மனநலக் காப்பகம், இன்னும் என்னென்னவோ. பயத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டால் அது வெறும் துப்பறியும் கதை. என் மனைவி இதை ஒத்துக்கொள்வதில்லை. கப்பலில் குதிரை மிரண்டு ஓடும் ஒரு காட்சிக்கே உங்க ஜப்பான் படத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறாள். அந்தக் காட்சி நல்ல காட்சிதான். சரி, நகாட்டாவின் படம் மட்டும் அசலா? கோஜி சுசுகியின் நாவலில் துப்பு துலக்குகிற நிருபர் ஓர் ஆண். நகாட்டா அவரைப் பெண்ணாக்கிய பிறகுதான், பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தாய் எதுவரை போவாள் என்ற கேள்வியே படத்துக்குள் வந்தது.

கடைசியாக 'தி ஃப்ளை'. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஜார்ஜ் லாங்கலான் 1957-இல் எழுதிய கதை. அடுத்த வருஷமே கர்ட் நியூமன் படமாக எடுத்தார். பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் கருவிக்குள் விஞ்ஞானி ஏறுகிறார், கூடவே ஓர் ஈ. வெளியே வரும்போது தலையும் ஒரு கையும் ஈயுடையது. எல்லாம் ஒரு நொடியில் முடிந்துபோன விபத்து. மிச்சப் படம் முழுக்கத் தலையில் கறுப்புத் துணி, பேச முடியாமல் எழுதிக் காட்டும் கணவன், வெள்ளைத் தலை ஈயைத் தேடும் மனைவி.

டேவிட் க்ரோனன்பெர்க் 1986-இல் மாற்றியது ஒன்றே ஒன்றுதான்: நேரம். கம்ப்யூட்டர் இரண்டு உயிர்களைக் கண்டு, யாரையும் கேட்காமல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. (எங்கள் டீமில் இப்படி மெர்ஜ் செய்தவர்கள் உண்டு.) வெளியே வருகிற ஜெஃப் கோல்ட்ப்ளம் முழு மனிதன்தான். முதலில் பலம் கூடுகிறது. காபியில் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போடுகிறான். பிறகு நகம் கழல்கிறது. பிறகு பல், காது. வாரக்கணக்கில்.

1999-இல் ஹாஸ்டலில் விசிடியில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தோம். நகம் பிய்யும் இடத்தில் ஒருத்தன் எழுந்து போய் வாந்தி எடுத்தான், அதற்கும் சிரித்தோம். மறுபடி பார்த்தது அப்பா போன பிறகு. அப்பாவுக்குச் சர்க்கரை. முதலில் வலது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள், ஒரு வருஷம் கழித்துப் பக்கத்து விரல், அப்புறம் கணுக்காலுக்கு மேலே. கண்ணும் மங்கியது. அவர் தினமும் காலை ரீடிங்கை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, தாள்களை வருஷவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்களிடம், "தவணை முறையில போறேன்பா" என்பார்.

அந்தப் படத்தின் நாயகன் விழுந்த உறுப்புகளைக் குளியலறை அலமாரியில் அடுக்கிவைத்து, அருங்காட்சியகம் என்று பெயரும் வைத்துச் சிரிக்கிறான். தன் உடம்பு கெடுவதைத் தானே விஞ்ஞானி மாதிரி பதிவு செய்கிறான். ஹாஸ்டலில் நாங்கள் சிரித்த இடமும் அதுதான். படம் வந்த காலத்தில் பலர் அதை எய்ட்ஸ் பற்றிய கதையாக வாசித்தார்கள்; க்ரோனன்பெர்க், தான் நினைத்தது பொதுவாக நோயும் முதுமையும் என்றார். எனக்கு அந்த அலமாரி மட்டும் போதுமாக இருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். மீதியைப் பார்க்க நாலு நாள் ஆயிற்று.

1958 படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மனிதத் தலையோடு அந்தக் குட்டி ஈ சிலந்தி வலையில் மாட்டிக்கொண்டு கீச்சுக் குரலில் கத்தியபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "இதே கதைய புதுசா எடுத்திருக்கானாமே, அதையும் போடேன்டா" என்றார்.

அது இப்போ எதிலேயும் கிடைக்கலம்மா என்று சொல்லிவிட்டேன்.