தச்சுக்கூடத்தில் ஒரு மெழுகுதிரி

தெய்வத்தன்மையைத் தூரிகையால் உணர்த்தப் புகுந்த மேலைநாட்டு ஓவியருட் பலர், தலையைச் சூழ ஒளிவட்டம் ஒன்றை வரைந்து தம் பணியை எளிதாக்கிக் கொண்டனர். அவ்வட்டத்தை நீக்கின் எஞ்சுவது வெறும் மனித உருவமே. பிரெஞ்சு ஓவியராகிய ஜோர்ஜ் த லா தூர் 1640களில் வரைந்த 'தச்சராகிய புனித யோசேப்பு' என்னும் தைலவண்ண ஓவியமோ வட்டம் எதுவுமின்றியே பத்தியுணர்வை எழுப்புகின்றது. 1948 ஆம் ஆண்டு பாரிசிலுள்ள லூவர் நூதனசாலையைச் சேர்ந்த இப்படத்துக்கு ஒளி வழங்குவது ஒரேயொரு மெழுகுதிரி.

இராப்பொழுது. முதியவராகிய யோசேப்பு குனிந்து, தரையிற் கிடக்கும் மரத்தைத் துறப்பணங்கொண்டு துளைக்கின்றார். எதிரே பாலன் இயேசு திரியைப் பிடித்திருக்கின்றார். சுடருக்கு மறைப்பாக உயர்ந்த அவரது மறுகையின் விரல்களை ஊடுருவிச் செவ்வொளி கசிகின்றது. நகங்களில் அழுக்கும் தெரிகின்றது! ஒளி புகுந்து வெளிப்படும் அதே கை, அழுக்குப் படிந்த கையுமாம். இறைவன் மானிட உடல் தாங்கினான் என்னும் கிறித்தவக் கோட்பாட்டை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

லா தூருக்கு முற்பட்ட கறவாஜ்ஜோவின் புகழ்பெற்ற படங்களில் ஒளி பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியிலிருந்து பாய்கின்றது. அதன் ஊற்று நமக்குப் புலனாவதில்லை. இங்கோ ஊற்று நம் கண்முன்னே உள்ளது. ஒருமுறை ஊதினால் அணைந்துவிடக் கூடிய சுடர் அது. முப்பதாண்டுப் போரில் லொறேன் நாடு சீரழிய, தாம் வாழ்ந்த லூனெவில் நகர் 1638 இல் எரியுண்டதை அறிந்த ஓவியருக்கு இத்தகைய ஒளியே மெய்யொளியாகத் தோன்றியிருத்தல் கூடும்.

துளைக்கப்படும் மரம் சிலுவையைக் குறிக்கும் என்பர். பொருந்தும் உரையே; ஆயினும் ஓவியர் அதனை ஒளியால் வற்புறுத்தவில்லை. மரம் நிழலோரத்தில் மரமாகவே கிடக்கின்றது. அருகே சுருண்ட சீவலும் உண்டு. குறிப்புப் பொருளைத் தேடி விரைவோர் கண்முன் உள்ளதைக் காணத் தவறுவர்.

குறையும் இல்லாமலில்லை. யோசேப்பின் நெற்றிச் சுருக்கங்களில் தோய்ந்த கவனம் பாலனின் முகத்திற் காணப்படவில்லை. அது மெழுகுபோல் வழுவழுப்பானது. ஒளி மிகுந்து உருவம் கரைதலைக் காட்டவே அவ்வாறு வரைந்தார் எனச் சிலர் அமைதி கூறலாம்; யாம் முற்றும் உடன்படோம்.

1652 இல் மறைந்த லா தூரை உலகம் மறந்தது. 1915 இல் ஹெர்மன் பொஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் எழுதிய கட்டுரையே அவர் பெயரை மீட்டது. இன்று லூவரில் அப்படத்தின்முன் நிற்போர் கண்கள் முதலிற் சுடருக்கே செல்லும். யோசேப்பின் கண்களோ சுடரையும் நோக்கவில்லை, கைத்தொழிலையும் நோக்கவில்லை, மகனை நோக்குகின்றன.