ஆச்சி வீட்டு வேப்பமரம்

பிப்ரவரிக் கடைசியில் ஒரு விடிகாலை. திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம் போய் இறங்கினேன். குளத்துக்கு வழி கேட்கத்தான் ஒரு வீட்டு வாசலில் நின்றேன். தலைக்கு மேலே டக்டக்கென்று அலகடிக்கும் சத்தம். அண்ணாந்தால், வாசல் வேப்பமரத்தில் கொப்புக்குக் கொப்பு சங்குவளை நாரைக் கூடு!

"தள்ளி நில்லுங்க, எச்சம் விழும்" என்றார் வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஆச்சி. முற்றமே சுண்ணாம்படித்த மாதிரி இருந்தது.

"தொந்தரவா இல்லையா ஆச்சி?"

"பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பிள்ளய யாராச்சும் போன்னு சொல்லுவாகளா?"

குளத்தை மறந்து ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். வெயில் ஏற ஏற, தாய் நாரை சூரியனுக்கு முதுகைக் காட்டி இரண்டு சிறகையும் குடையாக விரித்தது. அந்த நிழலில் வெள்ளைப் பஞ்சாக மூன்று குஞ்சுகள். வாலோரத்து இளஞ்சிவப்பை அவ்வளவு பக்கத்தில் பார்க்க எத்தனை புண்ணியம் செய்தேனோ! இணை வந்து மீனைக் கூட்டுக்குள் கக்கியதும் குஞ்சுகள் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

1994இல் அரசு கூந்தன்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கும் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் இந்தப் பறவைகளுக்குக் காவல். தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

பிறகு குளம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் தளும்ப, கூழைக்கடாக்களும் நாமக்கோழிகளும் நிறைந்து கிடந்தன. நான் தேடி வந்தது வரித்தலை வாத்தை. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் மை தீட்டியதுபோல இரண்டு கறுப்புப் பட்டை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டி வருகிற பறவை. 7,000 மீட்டருக்கும் மேலே இது பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். மூச்சுவிடவே காற்றுப் போதாத உயரம் அது! அத்தனையும் கடந்து வந்து, நாங்குநேரித் தாலுகாவில் ஒரு கரையோரம் சாவகாசமாகப் புல் மேய்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொழுது சாயும்போது வாத்துக்கூட்டம் கத்திக்கொண்டே எழும்பி, ஊருக்கு மேலே வயல்களை நோக்கிப் போனது. தெருவில் விளையாடிய பிள்ளைகள் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அவர்களுக்கு அது தினப்படிக் காட்சி. என் பிள்ளைகளுக்கும் இதைக் காட்டியாக வேண்டும். அடுத்த தையில் கூட்டிவருகிறேன் என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.