ஒட்டுத் தெரியாத இடம்

ஒரு ஸ்பீக்கரைச் சோதிக்க எனக்குத் தம்புரா போதும். கச்சேரிப் பதிவில் வித்வான் பாடத் தொடங்குமுன் தனியாக ஓடும் அந்தச் சில விநாடிகளிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மந்தர ஸட்ஜத்தை மீட்டியதும் நாதம் அடியிலிருந்து கிளம்பி, ஜீவா நூலின் புண்ணியத்தில் மேற்சுரங்களை ஒவ்வொன்றாக மலர்த்திக்கொண்டே ஏறும். கீழ்ஒலிக்கான ஊஃபரில் தொடங்கும் அந்த ஏற்றம் மேல்ஒலிக்கான ட்வீட்டரில் போய் முடிகிறது. நடுவில் ஓரிடத்தில் இது விட, அது வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே நாதம் சற்று உள்வாங்கினாலும் நிறம் மாறினாலும் தம்புரா காட்டிக்கொடுத்துவிடும்.

ஆக்டிவ் கிராஸ்ஓவர் வைத்த ஸ்பீக்கரை முதன்முதலில் ஒரு நண்பர் வீட்டில் கேட்டபோது அந்த ஒட்டைத் தேடினேன். அகப்படவே இல்லை.

வழக்கமான ஸ்பீக்கரில் ஆம்ப் தரும் முழு சக்தியும் பெட்டிக்குள் இருக்கும் காயில், கெபாசிட்டர், ரெசிஸ்டர் வழியாகப் போய்த்தான் கீழ்ஒலி, மேல்ஒலி என்று பிரிகிறது; பிரிக்கும் அந்தச் சர்க்யூட்தான் கிராஸ்ஓவர். ஊஃபரைவிட ட்வீட்டர் உரக்கப் பேசினால், மிச்சத்தை ரெசிஸ்டர் சூடாக்கி வீணாக்கும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. 8 ஓம்ஸ் என்று எழுதியிருக்கும் ஊஃபர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓம்ஸாகவே நிற்பதில்லை. தன் ஒத்ததிர்வு வரும் இடத்தில் 30 ஓம்ஸைக்கூடத் தாண்டும். உரக்க வாசிக்கும்போது வாய்ஸ் காயில் சூடேறி இன்னும் மாறும். நிலையாக நிற்காத ஒன்றை நம்பித்தான் அந்தப் பிரிப்பு முழுவதும் நடக்கிறது.

ஆக்டிவ் முறை பிரிப்பை ஆம்புக்கு முன்னால் கொண்டுபோய்விடுகிறது. ப்ரீஆம்பிலிருந்து வரும் ஓரிரு வோல்ட் சிக்னலை அங்கேயே பிரித்து, ஊஃபருக்கு ஓர் ஆம்ப், ட்வீட்டருக்கு ஓர் ஆம்ப் என்று அனுப்புகிறோம். ஆம்புக்கும் ஸ்பீக்கர் யூனிட்டுக்கும் இடையே ஒயரைத் தவிர எதுவும் இல்லை. யூனிட் சூடேறினாலும் ஃபில்டர் அசையாது. ட்வீட்டர் உரத்துப் பேசினால் அதன் ஆம்பில் கெயினைக் குறைத்தால் போதும்.

சக்திக் கணக்கும் அழகானது. 20 வோல்ட் உச்சம் கொண்ட கீழ்ஒலியின் மேல் 20 வோல்ட் மேல்ஒலி ஏறி உட்கார்ந்தால், ஒற்றை ஆம்ப் 40 வோல்ட் கொடுத்தாக வேண்டும். 8 ஓம்ஸில் அதற்கு 100 வாட் ஆம்ப் தேவை. பிரித்துக் கொடுத்தால் 25 வாட் ஆம்ப் இரண்டே போதும். கீழ்ஒலி ஆம்ப் மூச்சுத்திணறிக் கிளிப் ஆனாலும் அந்தக் கரகரப்பு ட்வீட்டரை எட்டாது.

ஆனால் பிரிப்பது எளிது, சேர்ப்பதில்தான் கலை இருக்கிறது. இங்கே சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸை வணங்காமல் மேலே போக மனம் வரவில்லை. ஜெர்மனியில் பிறந்து, கலிஃபோர்னியாவில் ஹியூலெட்-பேக்கார்டில் அளவைக் கருவிகள் வடிவமைத்தவர். ஸ்பீக்கர் அவருக்கு வேலை நேரத்துக்கு வெளியே வளர்ந்த காதல். உடன் வேலை பார்த்த ரஸ் ரைலியோடு சேர்ந்து கண்ட ஃபில்டரை 1976-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் எழுதினார். கைமாறும் அதிர்வெண்ணில் இரண்டு யூனிட்டும் சரிபாதி அழுத்தம் கொடுக்கும், அதாவது 6 டெசிபல் குறையும். இரண்டும் ஒரே ஃபேஸில் இருப்பதால் பாதியும் பாதியும் சேர்ந்து முழுசாகும். யூனிட்டுகள் மேலும் கீழுமாகத் தள்ளியிருந்தாலும், அவற்றின் தூரத்தைச் சமன்செய்துவிட்டால், கூட்டொலி தரையையோ கூரையையோ பார்த்துச் சாயாமல் நேரே கேட்பவரை நோக்கி வரும்.

2018-இல் அவர் மறைந்தார். பெட்டியே இல்லாமல் பலகையில் யூனிட்டுகளை நிறுத்திய எல்எக்ஸ்521 அவருடைய கடைசிக் காலத்து வடிவம். 120, 1000, 7000 ஹெர்ட்ஸ் என்று மூன்று இடங்களில் கைமாறும் நாலு வழி ஸ்பீக்கர். திறந்த பலகையில் முன்புற அலையும் பின்புற அலையும் ஒன்றையொன்று அழிப்பதால் கீழ்ஒலி சரிந்துகொண்டே போகும். அதைத் தூக்கி நிறுத்தும் வேலையை காயிலும் கெபாசிட்டரும் செய்ய முடியாது, ஆக்டிவ் சர்க்யூட்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, பழைய கிராஸ்ஓவரை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே ஆம்பை மட்டும் இரட்டிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். செலவுக்கேற்ற பலன் அதில் இல்லை. இரண்டு வழி, நாலு ஆம்ப். ஒரு வீட்டுக்கு அதுவே நிறைவு. ஊஃபருக்குப் பலசாலி, ட்வீட்டருக்குச் சின்னதாக ஒரு கிளாஸ் ஏ. ஒயரைத் தவிர எதுவும் வேண்டாம் என்றதற்கு விதிவிலக்காக, ட்வீட்டரோடு மட்டும் தொடராக ஒரு பெரிய கெபாசிட்டரைக் காவலுக்குப் போட்டுவிடுங்கள். ஆம்பை ஆன் செய்யும்போது வரும் ஒரு 'தொப்' சத்தம் அந்த மெல்லிய காயிலைக் கருக்கிவிடக்கூடும்.

அன்று நண்பர் வீட்டில் தம்புராவுக்குப் பிறகு தனி ஆவர்த்தனம் வைத்தார். மிருதங்கத்தின் தொப்பி ஊஃபரின் ஆம்பிலும், வலந்தலையின் நுனி ட்வீட்டரின் ஆம்பிலும் ஓடிக்கொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும். இரண்டு கையும் சேர்ந்து விழுந்தபோது அங்கே உட்கார்ந்திருந்தது ஒரே ஆள்.