தெரிந்தவர்களின் சிரிப்பு

2017 ஏப்ரல் 21 அன்று வைகை அணையில் தெர்மாகோல் மிதந்தது. நீர் ஆவியாவதைத் தடுப்பதற்கென்று அப்போதைய கூட்டுறவுத்துறை அமைச்சர் செல்லூர் ராஜு, ஒட்டுநாடாவால் இணைக்கப்பட்ட தெர்மாகோல் அட்டைகளை நீர்ப்பரப்பில் இறக்கித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாவட்ட ஆட்சியரும் பொதுப்பணித்துறைப் பொறியாளர்களும் உடனிருந்தனர். கொஞ்ச நேரத்தில் காற்று அவ்வளவையும் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டது. நிகழ்வு இவ்வளவுதான். ஆனால் நிகழ்வு முடிந்த இடத்தில்தான் பிரதி தொடங்குகிறது. அந்த மாதம் முழுக்கத் தமிழ்நாடு சிரித்தது. இத்தனை வருஷம் கழித்தும் ‘தெர்மாகோல்’ என்று ஒருவர் சொன்னால் போதும், மற்றவர் சிரிக்கத் தயாராகிவிடுகிறார். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது. அமைச்சருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. 2021 தேர்தலில் மதுரை மேற்குத் தொகுதியில் அவர் மறுபடியும் ஜெயித்தார்.

ஒரு ஒப்புதலோடு ஆரம்பிப்பதுதான் நேர்மை. நானும் சிரித்தேன். சும்மா இல்லை, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் இருந்தவன் தோளைத் தட்டித்தட்டிச் சிரித்தேன். மதுரையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கைபேசிக்கு வந்த கேலிப்படங்களில் நல்லதாக மூன்றைப் பொறுக்கிப் பதினொரு பேருக்கு அனுப்பினேன். அனுப்பி முடித்ததும் ஒரு திருப்தி வந்தது. ஏதோ கடமையைச் செய்துவிட்ட மாதிரி. அந்தத் திருப்திதான் பின்னால் என்னை உறுத்த ஆரம்பித்தது. எந்தக் கடமையை நான் செய்தேன்?

அந்தக் கேலிகளில் அமைச்சருக்குக் கிடைத்த பட்டம் ‘விஞ்ஞானி’. தமிழில் இது ஒரு வினோதமான சொல்வரிசை: அறிவாளி, மேதாவி, படிப்பாளி, இப்போது விஞ்ஞானி. எல்லாமே கொஞ்சம் குரலை இழுத்துச் சொன்னால் வசவாகிவிடும். அறிவைக் குறிக்கும் சொல்லால் அறிவின்மையைச் சுட்டும்போது, சொல்கிறவன் தன்னை அறிவின் பக்கம் நிறுத்திக்கொள்கிறான்; கேட்டுச் சிரிக்கிறவனுக்கும் அங்கே ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. பரீட்சை எழுதாமலே கிடைக்கிற தேர்ச்சி இது. சிரித்த எங்களில் எத்தனை பேருக்கு ஓர் அணையிலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று தெரியும்? எனக்குத் தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். நம் வறண்ட மாவட்டங்களில் திறந்த நீர்ப்பரப்பு ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் வரை வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறது. சிரிக்கக்கூடிய கணக்கல்ல இது. முழுக்கொள்ளளவில் 71 அடி நிற்கிற அணையில், அதுவும் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்ட ஒரு கோடையில், ஆவியாதல் என்பது உண்மையான பிரச்சினை.

அந்த யோசனைதான் கோமாளித்தனமா என்றால், அதுவும் இல்லை. வைகைக்கு இருபது மாதம் முன்னால், 2015 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் கடும் வறட்சியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகர மேயர் எரிக் கார்செட்டி கேமராக்களுக்கு முன்னால் நின்று நகரத்தின் நீர்த்தேக்கத்துக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார். மொத்தம் 9 கோடியே 60 லட்சம் பந்துகள். ஒவ்வொன்றும் 36 சென்ட். திட்டச்செலவு 3 கோடியே 45 லட்சம் டாலர். வெயில் பட்டு நீரில் புரோமேட் என்கிற நச்சு உருவாவதைத் தடுப்பது முதல் நோக்கம், ஆவியாதலைக் குறைப்பது கூடவே வருகிற லாபம். கறுப்பு அருவி மாதிரி பந்துகள் சரிந்து இறங்கும் அந்தக் காட்சியை உலகமே வாய்பிளந்து பார்த்தது. அரசியல்வாதி, நீர்த்தேக்கம், மிதக்கும் பிளாஸ்டிக், கேமரா: குறிகள் எல்லாம் அதே குறிகள். அங்கே வியப்பு, இங்கே நகைப்பு. 2018இல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. 2015 ஆகஸ்டிலிருந்து 2017 மார்ச் வரை அந்தப் பந்துகள் மிச்சப்படுத்திய நீரைவிட, அவற்றைத் தயாரிப்பதற்குச் செலவான நீர் அதிகமாக இருந்திருக்கலாம் என்று. அதைக் கேட்டு யாரும் கார்செட்டிக்கு விஞ்ஞானிப் பட்டம் கொடுத்ததாக நான் பார்க்கவில்லை.

இதை வைத்து ‘வெள்ளைக்காரன் செய்தால் அறிவியல், நம்மாள் செய்தால் அசட்டுத்தனமா’ என்று கிளம்புவது சுலபம். அந்தச் சுலபத்தையும் நான் சந்தேகிக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு நிஜமான வேறுபாடு உண்டு. பறந்துவிடாமல் இருக்க அந்தப் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடைத்திருந்தார்கள். அதாவது காற்றைப் பற்றி யாரோ முன்கூட்டி யோசித்திருந்தார்கள். நீர்ப்பரப்பை மூடி ஆவியாதலைத் தடுக்கிற முயற்சிகளின் வரலாறே காற்றோடு நடந்த மல்லுக்கட்டுதான். 1950களில் ஆஸ்திரேலியாவிலும், 1958இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் உள்ள ஹெஃப்னர் ஏரியிலும், ஒற்றை மூலக்கூறு கனத்தில் பரவுகிற ஒருவகை மெழுகுப் படலத்தை நீரின்மேல் விரித்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அருமையாக வேலை செய்த படலத்தை ஏரியில் காற்று சுருட்டிக் கரையில் ஒதுக்கியது. வைகையில் தெர்மாகோல் செய்த அதே காரியம். நீரியல் படித்தவர்களுக்கு இது அறுபது வருஷப் பழசு.

என் சித்தப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் பூராவும் மடை திறந்து, மடை அடைத்து, அளவு எழுதியவர். அந்தப் பதினொரு பேரில் அவரும் ஒருத்தர். சாயங்காலம் போன் போட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

“ஏப்பா, அணைமேட்டுல மத்தியானக் காத்து எப்பிடி அடிக்கும்னு அங்க நின்ன அத்தனை பேத்துக்கும் தெரியும்ல?”

“தெரிஞ்சிருக்கும் சித்தப்பா.”

“பெறகு ஏன் ஒருத்தனும் வாயத் தொறக்கல?”

எனக்குப் பதில் இல்லை. அவரிடம் இருந்தது. “மந்திரி வர்றாருன்னா பந்தல் போடுவோம், மாலை வாங்குவோம். இது ஓடாது சார்னு சொல்ல மாட்டோம். நானும் சொன்னதில்ல.” பிறகு, “அன்னிக்கி அணையில எத்தனை அடி நின்னுச்சு?” என்று கேட்டார். அதுவும் எனக்குத் தெரியவில்லை. அட்டை திரும்பி வந்த காட்சியைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன், அளவுகோலை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

நாங்கள் சிரித்தது ஒரு மனிதரின் தெரியாமையைப் பார்த்து. நடந்ததோ தெரிந்தவர்கள் பேசாமல் நின்ற காரியம். பொறியாளர்கள் சொன்ன யோசனைதான் என்று அமைச்சர் பின்னர் சொன்னார். அது உண்மையென்றால் விஷயம் இன்னும் மோசம். ஓர் அமைச்சருக்கு ஆவியாதல் தெரியவேண்டிய கட்டாயமில்லை. தெரிந்தவர்களைக் கேட்டால் போதும். தெரிந்தவர் பதில் சொல்லமுடியாத, அல்லது எது பிடிக்குமோ அதைச் சொல்கிற ஓர் அதிகாரப் படிநிலைதான் அன்று அணைமேட்டில் வரிசையாக நின்றிருந்தது. கேலி அந்த வரிசையை முழுக்கத் தாண்டிப்போய் முன்னால் நின்ற வேட்டியின் மேல் விழுந்தது. காற்சட்டைகள் தப்பித்தன. கேலி செய்தவர்களில் பெரும்பாலோர் நானும் உட்பட காற்சட்டைக்காரர்கள் என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும்.

ஜெர்மானியச் சிந்தனையாளர் பீட்டர் ஸ்லாட்டர்டைக் 1983இல் எழுதிய ‘சினிக்கல் பகுத்தறிவின் விமர்சனம்’ நூலில் இருவகைச் சினிக்குகளைப் பிரிக்கிறார். நவீன சினிக்குக்கு எல்லாம் தெரியும். அமைப்பு பொய் என்று தெரியும், தான் அதில் ஒரு பல்சக்கரம் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே சுற்றுகிறான், சுற்றிக்கொண்டே நக்கலடிக்கிறான். ஸிஸெக் 1989இல் இதை எடுத்துக்கொண்டு கருத்தியல் இன்று அறியாமையில் வேலை செய்வதில்லை, அறிந்தே செய்வதில் வேலை செய்கிறது என்று வாதிட்டார். அணைமேட்டில் மௌனமாக நின்ற பொறியாளரும் டீக்கடையில் கெக்கெக்கே என்று சிரித்த நானும் இந்த இடத்தில் பங்காளிகள். இருவருக்கும் தெரியும், இருவரும் ஒன்றும் செய்யவில்லை. அவருடையது மரியாதையான மௌனம், என்னுடையது சத்தமான மௌனம்.

ஸ்லாட்டர்டைக் சொல்லும் மற்ற வகை, பழைய கிரேக்கத்தின் டயோஜீனஸ். அவன் நக்கலடிப்பது உடம்பால். பீப்பாயில் குடியிருந்து, தெருவில் தின்று, அதிகாரத்தின் முகத்துக்கு நேரே தன் உடம்பை ஒரு வாதமாக நிறுத்துகிறவன். இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அதே ஏப்ரல் மாதம்தான். 2016இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. மார்ச் 14 முதல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள். கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம். தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளுடையவை என்று சொல்லி மண்டையோடுகளை முன்னால் வைத்தார்கள். எலியைப் பல்லில் கடித்தார்கள். பாதித் தலை, பாதி மீசை மழித்தார்கள். சேலை கட்டினார்கள். ஏப்ரல் 10 அன்று பிரதமர் அலுவலகத்தருகே நிர்வாணமாக ஓடினார்கள். ஏப்ரல் 22 அன்று சிறுநீரைக் குடித்தார்கள். தெர்மாகோல் மிதந்த மறுநாள். 23ஆம் தேதி முதல்வரின் வாக்குறுதியை ஏற்றுப் போராட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள்.

பக்தின் விவரிக்கிற கொச்சையான, வாயும் வயிறும் கழிவுமான திருவிழா உடம்பு ஜந்தர் மந்தரில் நாற்பது நாள் அமர்ந்திருந்தது. தமிழில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த மிகக் கூர்மையான எள்ளல் அதுதான் என்பது என் கணிப்பு. ‘நீங்கள் தண்ணீர் தரமாட்டீர்கள், நாங்கள் இதைக் குடிக்கிறோம்’ என்பதில் இருக்கும் நக்கல் எந்தக் கேலிப்படத்திலும் இல்லை. ஆனால் எங்களுக்கு அது எள்ளலாகப் படிக்கக் கிடைக்கவில்லை. பரிதாபமாகப் பட்டது, சிலருக்கு நாடகமாகப் பட்டது. அவர்கள் குடித்த குடிதண்ணீர் பாட்டிலையும் சாப்பிட்ட சாப்பாட்டையும் சுட்டிக்காட்டி ‘இவங்கதான் ஏழை விவசாயிகளா’ என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. ஒரே வறட்சி. அதன் ஒரு முனையில் மிதந்த அட்டைக்கு ஒரு மாதச் சிரிப்பு, மறுமுனையில் எலியைக் கடித்தவனுக்கு ஒரு உச்சுக்கொட்டல்.

கேலி என்றாலே இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. என்.எஸ். கிருஷ்ணனின் கிந்தனார் கதாகாலட்சேபம் 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் இருக்கிறது. நந்தனார் கதையின் சட்டகத்தையே கேலி செய்து, சிதம்பரத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்துக்கு ஏங்கும் ஒரு பையனை அங்கே உட்காரவைத்தார். சிரித்து முடித்தபின் கையில் ஒரு பள்ளிக்கூடம் மிஞ்சியது. தெர்மாகோல் சிரிப்பில் என்ன மிஞ்சியது? அணையில் சேர்ந்த வண்டல் பற்றி, வைகை மணல் பற்றி, 67 அடி நின்றால்தான் தண்ணீர் ஏறும் உசிலம்பட்டி 58 கிராமக் கால்வாய் பற்றி ஒரு கேள்வியும் அந்தச் சிரிப்பின் முதுகில் ஏறி வரவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன் வைக்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். நாங்கள் எள்ளுவதாக நினைத்துக்கொண்டு பேதைமையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம் எனலாம். உரைகாரர்கள் எள்ளலை இரு முனையாகவும் காட்டுகிறார்கள். தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது மற்றொன்று. இரண்டாவதை அமைச்சர் விரைவில் கற்றுக்கொண்டார். தெர்மாகோல் பேச்சு வரும்போது அவரே சிரித்திருக்கிறார். எதிர்க்கட்சி சிரிக்க, அவர் சிரிக்க, பார்க்கிற நாமும் சிரிக்க, ஒரு குடும்ப விசேஷம் போல அது ஆகிவிட்டது. கேலிக்கு உள்ளானவரே கேலியை மாலையாகப் போட்டுக்கொள்ள முடிகிறதென்றால், அதில் முள் எங்கேயும் இருந்திருக்கவில்லை.

இதை எழுதுவதற்காக அந்த மாதம் நான் அனுப்பியவற்றைக் கைபேசியில் தேடிப் பார்த்தேன். ஏப்ரல் 21: மூன்று தெர்மாகோல் படங்கள். 22: ஒரு கல்யாணப் பத்திரிகை. 23: மறுபடியும் தெர்மாகோல். ஜந்தர் மந்தர் பற்றி மார்ச் 14 முதல் அந்த நாள் வரை ஒன்றும் இல்லை. 23ஆம் தேதி அனுப்பிய படத்துக்குக் கீழே சித்தப்பாவின் பதில் ஒன்று படிக்காமலே கிடந்தது: “அடி எவ்வளவுன்னு பாத்தியா?”